எட்டு மணிக்குள் ஆள் போக வேண்டும்: சென்னையில் முதியோர் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் தொடங்கி வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தே முக்காலுக்கு அடிக்கிற போனில் எனக்கு நல்ல செய்தி வந்ததே இல்லை. "அக்கா, பையனுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்றைக்கு டியூட்டிக்கு வர முடியாது." அவர் போக வேண்டிய வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 82 வயதுக்காரர். மனைவிக்கு 76, முழங்கால் தேய்மானம். இரவு டியூட்டி பார்த்தவர் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் சென்ட்ரல் போய்க் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க வேண்டும். ஆக, எனக்கு இரண்டே கால் மணி நேரம் இருக்கிறது.

இந்தத் தொழிலை எப்படி வளர்ப்பது என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் விளம்பரம், ஆப், முதலீடு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த இரண்டே கால் மணி நேரத்தில் உங்களால் மாற்று ஆளை அனுப்ப முடியுமா? பத்து வீட்டுக்கு முடிகிறதென்றால் நீங்கள் பத்து வீட்டு நிறுவனம். ஏட்டில் முப்பது வீடு எழுதி வைத்திருந்தாலும் பத்துதான். கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றியே வருகின்றன.

படி 1: வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஊரை அல்ல

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இந்தியா முழுவதற்கும் அது 8.6 சதவீதம். 2031-இல் தமிழ்நாட்டில் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது அரசின் மதிப்பீடு. தேவை இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் உங்கள் வேலை.

நான் கையாண்ட வழி எளியது. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அடையாறு, அண்ணா நகர் என்று ஒரு வாரம் நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் மருந்துக்கடைக்குள் போய், பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலங்கள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தேன். கேட்டால் மட்டும் உள்ளிருந்து எடுத்துத் தருகிற கடை ஒரு மாதிரி. கல்லாவுக்கு மேலே கூரை வரை அடுக்கி வைத்திருக்கிற கடை வேறு மாதிரி. இரண்டாவது வகைக் கடை ஒரே தெருவில் மூன்று இருந்தால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

அடுத்து, பணியாளர் எப்படி வருவார் என்று பாருங்கள். இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆள் கிடைப்பார். ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் நாற்பது ரூபாய் கொடுக்க வேண்டிய வீட்டுக்கு இரண்டே வாரத்தில் அதே ஆளுக்கு முதுகு வலி வந்துவிடும். ஆகையால் தொடக்கத்தில் ஒரு ரயில் பாதை, அதன் இருபுறமும் மூன்று கிலோமீட்டர் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை–தாம்பரம் பாதை எனக்குச் சரியாக அமைந்தது. வேளச்சேரியிலிருந்து நல்ல வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டபோது முதல் வருடம் மறுத்துவிட்டேன். வயிறு எரிந்தது உண்மை.

அரசு என்னென்ன தருகிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியின் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு 1978-லேயே தொடங்கியது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உதவி கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. காசு கொடுக்க வசதியில்லாத குடும்பம் உங்களிடம் வரும்போது இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். அந்தக் குடும்பம் வாடிக்கையாளராக வராது. ஆனால் அவர்களுடைய அத்தை வீட்டுக்கு ஆள் தேவைப்படும்போது உங்கள் எண்ணைத்தான் கொடுப்பார்கள்.

படி 2: எது உங்கள் வேலை, எது இல்லை

இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, நடக்கப் பிடித்துக்கொள்வது எல்லாம் அட்டெண்டர் வேலை. ஊசி போடுவது, மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸின் வேலை. அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி.

இந்தக் கோட்டை அழிக்கச் சொல்லிக் குடும்பங்கள் கெஞ்சும். "இன்சுலின் தானே, உங்கள் ஆளே போட்டுவிடட்டுமே, நர்ஸுக்குத் தனியாக எதற்கு?" என்பார்கள். குடும்பத்தில் ஒருவர் கற்றுக்கொண்டு போடலாம், சொல்லித்தர எங்கள் நர்ஸ் வருவார் என்று பதில் சொல்லுங்கள். ஒரு வீட்டில் விட்டுக்கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் அதுவே வழக்கமாகிவிடும்.

தொடக்கத்தில் அட்டெண்டர் சேவை மட்டும் போதும். கூடவே ஒரு நர்ஸை மேற்பார்வையாளராக முழுச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் அந்தச் சம்பளம் வீண் என்று தோன்றும்.

படி 3: காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஒருவரே உரிமையாளராக இருக்கும் நிறுவனமாகத் தொடங்கலாம், ஆனால் பத்து வீடு தாண்டியதும் எல்எல்பியோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) பிரைவேட் லிமிடெட்டோ ஆக்கிவிடுவது நல்லது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். கடைகள் நிறுவனங்கள் சட்டப் பதிவு, மாநகராட்சித் தொழில் வரி இரண்டையும் மறக்க வேண்டாம். நர்ஸ் சேவையும் மருத்துவர் வருகையும் சேர்ப்பதானால் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவையா என்று மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஊழியர் எண்ணிக்கை 10 ஆனால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), 20 ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). இரண்டையும் தள்ளிப்போடுவதற்காக ஊழியர்களை 'கமிஷன் ஆட்கள்' என்று எழுதிக்கொள்கிற ஏஜென்சிகள் இந்த ஊரில் நிறைய. அது மாட்டும் நாளில் பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து வரும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். ஜிஎஸ்டியில் சிகிச்சைச் சேவைக்கு விலக்கு உண்டு. வெறுமனே ஆள் அனுப்பும் சேவைக்கு 18 சதவீதம். உங்கள் பில் இதில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை முதல் பில் போடுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆள் எடுப்பதும் பழக்குவதும்

செய்தித்தாள் விளம்பரத்தைவிட, ஏற்கெனவே வேலை பார்ப்பவர் கூட்டிவருகிற ஆள் நிலைப்பார். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த ஒருவர் தன் நாத்தனாரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிவந்தார். மூவரும் இன்னும் இருக்கிறார்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் மூவருக்கும் ஒரே நாளில் விடுப்பு வேண்டும்.

ஆதார் நகல், இப்போதைய முகவரி, ஊர் முகவரி, இரண்டு பேருடைய சிபாரிசு, முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு போன், தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்பு. இவை இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். சரிபார்ப்புக்கான செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை நான் கொத்தடிமைத்தனத்தின் தம்பி என்பேன்.

பயிற்சிக்குப் பத்து நாள். முதல் இரண்டு நாள் வகுப்பு, பிறகு ஒரு கட்டிலும் ஒரு பழைய காட்டன் புடவையும். புடவை எதற்கு என்றால், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவருடைய தோள் மூட்டு நழுவும், உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். புடவையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் விரிக்க வேண்டும். இருவர் இரண்டு பக்கமும் நின்று, புடவையின் விளிம்பை உடம்புக்கு ஒட்டினாற்போல் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். தோல் விரிப்பில் உராயாமல் மேலே போகும். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் எப்படி என்பதற்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிறது. எங்கே பார்ப்பது என்பதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. வால் எலும்பு, குதிகால், இடுப்பின் இரு பக்கம், முழங்கை, பின்மண்டை. விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. புத்தகங்களில் 'சிவந்திருக்கும்' என்று போட்டிருக்கும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கல் போல இறுகியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட அட்டெண்டரை எந்தக் குடும்பமும் மாற்றச் சொல்லாது.

மூக்குக் குழாய் வழியாக உணவு தருகிற வீட்டுக்கு, தலைப்பக்கம் உயர்த்தி வைத்துத்தான் ஊற்ற வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும் என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கலை. அதற்கு அனுபவமுள்ளவர்களிடம் அனுப்பிப் பழக்க வேண்டும்; சென்னையில் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் இந்தத் துறையில் வெகு காலமாக இருக்கின்றன.

படி 5: விலையை எப்படி வைப்பது

முதல் வருடத்தில் மூடப்படும் நிறுவனங்களுக்கு நான் கண்ட காரணம் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுதான், உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஆளுக்கு மாதம் 27,000 ரூபாய் வாங்குகிறீர்கள், அவருக்கு 19,000 தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8,000. 'பத்து வீடு என்றால் எண்பதாயிரம்' என்று மனம் அங்கேயே துள்ளும். பொறுங்கள். அவருக்கு மாதம் நான்கு நாள் விடுப்பு உண்டு. அந்த நான்கு நாளும் மாற்று ஆளுக்கு 800 வீதம் 3,200. மிச்சம் 4,800. நிறுவனத்தின் பங்காகப் பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்துச் சுமார் 2,500. மிச்சம் 2,300. மேற்பார்வையாளருக்குச் சம்பளமும் பெட்ரோலும் 25,000 என்றால், அவர் 15 வீடு பார்க்கிறபோது ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1,670. மிச்சம் 630.

அந்த 630-இல்தான் அலுவலக வாடகை, போன், சீருடை, பயிற்சி, காப்பீடு, பணம் தராமல் இழுத்தடித்த வீடு, உங்கள் சம்பளம் எல்லாம். இப்போது தெரிகிறதா, ஏன் பல ஏஜென்சிகள் விடுப்பே தருவதில்லை என்று? 27,000 என்ற விலையே தவறு. பக்கத்து ஏஜென்சி 25,000-க்கு அனுப்புகிறது என்றால் யாரோ ஒருவரின் ஓய்வு நாளையும் பிஎஃபையும் விழுங்கித்தான் அனுப்புகிறது. அந்த விலையோடு போட்டி போடாதீர்கள். உங்கள் விலை ஏன் நாலாயிரம் கூடுதல் என்பதை மேலே போட்ட கணக்கு மாதிரியே ஒரு தாளில் எழுதிக் குடும்பத்திடம் காட்டுங்கள். நான் காட்டியிருக்கிறேன். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப்பேர் மாதம் பிறந்தால் பேரம் பேசாமல் பணம் அனுப்புகிறார்கள்.

பதினைந்து நாள் கட்டணத்தை முன்பணமாக வாங்குங்கள். மாதக் கட்டணம் ஐந்தாம் தேதிக்குள். முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் அந்த நாட்களுக்கு என்ன கணக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தகராறு வருவது அங்கேதான்.

படி 6: பார்க்காமல் ஆள் அனுப்பாதீர்கள்

அழைப்புகள் வருவது பெரும்பாலும் மாலை நான்கிலிருந்து ஏழுக்குள். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்திருப்பார்கள், காப்பீட்டு ஒப்புதலுக்காகக் குடும்பம் காத்திருக்கும், இரவே ஆள் வேண்டும் என்பார்கள். தொழிலுக்குப் புதிதில் இந்த அவசரம் அதிர்ஷ்டம் போலத் தெரியும்.

அப்படி ஒரு மாலையில் போனிலேயே பேசி முடித்து, ஒல்லியான பெண் ஒருவரை அனுப்பினேன். "கொஞ்சம் பிடித்துக்கொண்டால் நடப்பார்" என்றுதான் மகன் சொன்னார். போய்ப் பார்த்தால் தொண்ணூறு கிலோ ஆள், இடது பக்கம் முழுதும் செயலில்லை, கழிப்பறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். இரண்டாம் நாள் அவரைத் தூக்கும்போது எங்கள் பெண்ணுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் வேலைக்கு வர முடியவில்லை. அந்த மூன்று மாதச் சம்பளத்தை நான் கொடுத்தேன், கொடுக்கத்தான் வேண்டும். மகன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா நடப்பார் என்று நம்ப விரும்புகிறவரிடம் போய் நான் கேட்டிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து, நர்ஸ் நேரில் பார்க்காமல் டியூட்டி கிடையாது. எடை, எழுந்து உட்கார முடியுமா, விழுங்க முடியுமா, இரவில் எத்தனை முறை எழுகிறார், டிஸ்சார்ஜ் சுருக்கம், மாத்திரைப் பட்டியல் எல்லாம் பார்க்கிறோம். பிறகு வீட்டைப் பார்க்கிறோம். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சிவப்புக் காவித் தரை கண்ணுக்கு அழகு. தண்ணீர் பட்டால் கண்ணாடி. கழிப்பறையில் கைப்பிடி, படுக்கையிலிருந்து அங்கே வரை இரவு விளக்கு. இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத வீட்டை ஏற்பதில்லை. கடைசியாக, ஆள் எங்கே தூங்குவார், எங்கே குளிப்பார் என்று கேட்டு அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். 'ஹாலில் படுத்துக்கொள்ளலாம்' என்றால் ஆண்கள் உள்ள வீட்டில் அது நடக்காது.

படி 7: வீட்டுக்குள் நடப்பவை

ஒவ்வொரு வீட்டுக்கும் இருநூறு பக்க நோட்டு ஒன்று. நேரம், உணவு, மாத்திரை, சிறுநீர் எத்தனை மில்லி, மலம், இரத்த அழுத்தம், பக்கம் மாற்றியது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குத் தினமும் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பாதி போன் அழைப்புகள் குறையும். முதியவரின் படத்தை அனுப்ப வேண்டாம்; உடை மாற்றும்போது எடுத்த படம் குடும்பக் குழுவில் போய்விட்டு அவர் மனம் நொந்ததைப் பார்த்திருக்கிறேன். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், அது அவருடைய மானம்.

நோட்டு எதற்கு உதவும் என்பதற்கு ஓர் ஏகாதசி. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாமி, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். ஏகாதசி உபவாசத்தை யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பத்தரை மணிக்கு அட்டெண்டர் நோட்டில் எழுதியிருந்தது: 'இட்லி வேண்டாம் என்றார். வியர்வை. பேச்சு குழறல்.' எழுதிய கையோடு குளுக்கோமீட்டரில் பார்த்து, மேற்பார்வை நர்ஸுக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி சர்க்கரைத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். கால் மணியில் மாமி தெளிந்துவிட்டார், விரதம் கெட்டுவிட்டதென்று திட்டவும் தொடங்கிவிட்டார். இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் பஞ்சாங்கக் காலண்டர் தொங்குகிறது. ஏகாதசி, கார்த்திகைச் சோமவாரம், ரம்ஜான் நோன்பு எல்லாவற்றுக்கும் முந்தைய நாளே அந்தந்த வீட்டு மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுகிறோம்.

இன்னொரு விஷயத்தை மூடி மறைக்காமல் சொல்கிறேன். ஆள் கேட்டு வரும் போனில் மூன்றாவது நான்காவது கேள்வியாக 'அவர்கள் என்ன ஆட்கள்?' என்று வரும். சாதியைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் சொல்வதில்லை; பணியாளரிடம் கேட்கவும் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது, கொண்டுவந்து சாப்பிடக் கூடாது என்றால் அது அந்த வீட்டின் வழக்கம், பணியாளர் சம்மதித்தால் போகலாம். தனி டம்ளர், பின்வாசல் வழி என்றால் அன்றே ஆளைத் திரும்ப அழைத்துவிடுவோம். இப்படி இரண்டு வீட்டை இழந்திருக்கிறேன். அந்தச் செய்தி எங்கள் பணியாளர்களிடையே பரவியதில் கிடைத்த ஆட்கள் இரண்டு வீட்டைவிடப் பெரிய வரவு.

2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி வீடும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். 'தாத்தா கொஞ்சம் கையை வைப்பார், வயதாகிவிட்டது, கண்டுகொள்ளாதே' என்று குடும்பம் சொல்கிற வீட்டிலிருந்து பெண்ணை எடுத்துவிட்டு, மறதி நோய்தானா என்று மருத்துவரை வைத்துப் பார்த்து, தேவையானால் ஆண் அட்டெண்டரை அனுப்புங்கள்.

திருட்டுப் புகாரும் வரும். டியூட்டி தொடங்கும் நாளில் நகை, ரொக்கம் உள்ள அறையைப் பூட்டிச் சாவியைக் குடும்பத்தார் வைத்துக்கொள்வதாகக் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கு வந்த புகாரில் காணாமல் போன மோதிரம் தலையணை உறைக்குள் இருந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள்.

படி 8: ரிலீவர் படை

மாற்று ஆளை இந்தத் தொழிலில் ரிலீவர் என்போம். வீட்டோடு தங்கும் டியூட்டி பத்து வீட்டில் இருந்தால், மாதத்துக்கு 300 டியூட்டி நாட்கள். ஒருவர் 26 நாள் வேலை செய்தால் 300-க்குக் கிட்டத்தட்ட 12 பேர் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், குழந்தையின் பள்ளி ஆண்டுவிழா என்று திடீர் விடுப்புக்கு இன்னும் இருவர். ஆக, பத்து வீட்டுக்குப் பதினான்கு பேர். பதினொன்றாவது வீட்டை ஏற்பதற்கு முன் பதினைந்தாவது ஆள் கையில் இருக்க வேண்டும். நான் இந்த வரிசையை மாற்றிய ஒவ்வொரு தடவையும் அடிபட்டேன்.

ரிலீவருக்கு வேலை இல்லாத நாளிலும் சம்பளம் உண்டு. அதை ஏற்க மனம் வராவிட்டால் இந்தத் தொழில் வேண்டாம். வேலையில்லாத நாட்களில் அவர்களை வீடு வீடாக அனுப்பி அந்த முதியவரிடம் அரை மணி நேரம் பேசவிடுகிறோம். முகம் தெரிந்த ஆள் வருகிறபோதுதான் மறதி நோய்க்காரர் கதவைத் திறப்பார். ரிலீவராக அனுபவசாலிகளைப் போடுங்கள், புதியவர்களை அல்ல. ஏழெட்டு வீட்டின் வழக்கத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியவர் அவர்.

ஆண்டின் பரீட்சை பொங்கலில். தீபாவளிக்கு இரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். பொங்கலுக்குப் போனால் காணும் பொங்கல் முடிந்து, ஊரில் ஒரு நிச்சயதார்த்தமும் முடிந்துதான் வருவார்கள். ஒரு வருடம் மூன்று பேர் திரும்பவே இல்லை. அந்த வாரம் நானே நங்கநல்லூர் வீட்டில் ஐந்து நாள் டியூட்டி பார்த்தேன். அந்த அம்மா எனக்குப் பொங்கல் சீராக இரண்டு கரும்பு கொடுத்தார். இப்போது நவம்பரிலேயே பட்டியல் போடுகிறோம்: பாதிப்பேர் பொங்கலுக்கு, பாதிப்பேர் தை பிறந்து பத்து நாள் கழித்து. பண்டிகை நாளில் நிற்பவருக்கு இரட்டைச் சம்பளம், அதில் பாதியைக் குடும்பம் ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உள்ள குழுவில் இந்தச் சிக்கல் தானாகவே பாதி தீரும்.

படி 9: மழை

சென்னையில் எந்த வழிகாட்டியும் வடகிழக்குப் பருவமழையை விட்டுவிட்டு முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆள் இருந்த வீட்டில் மின்சாரம் இல்லை, மின்சாரம் வந்த வீட்டுக்கு ஆள் போக முடியவில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் பெண் ஒருவர் நான்கு நாள் தொடர்ந்து ஒரே வீட்டில் நின்றார். ஏர் பெட் (மின்சாரத்தில் இயங்கும் காற்றுப் படுக்கை) காற்றிறங்கி வெறும் ரப்பர் விரிப்பாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைபேசியில் அலாரம் வைத்துப் பக்கம் மாற்றினார். கைபேசியில் சார்ஜ் தீர்ந்த பிறகு குடும்பத்தாரை முறை வைத்து எழுப்பினார். புண் வரவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மழைப் பட்டியல் போடுங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், ஏர் பெட், சளி உறிஞ்சும் சக்‌ஷன் இயந்திரம் என்று மின்சாரத்தை நம்பியிருக்கும் வீடுகள் எவை? அங்கெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டர், இன்வெர்ட்டர், பத்து நாள் மாத்திரை, டயப்பர் இருக்கிறதா? தரைத்தளத்தில் இருப்பவரை மேல்மாடியில் யார் வீட்டுக்கு மாற்றலாம் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். 108-க்குப் போன் கிடைக்காத நேரத்தில் பக்கத்துத் தெருவில் யாரிடம் உயரமான வண்டி இருக்கிறது என்பது வரை எழுதி வையுங்கள்.

படி 10: வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்கள்

விளம்பரத்துக்கு நான் செலவழித்த பணத்தில் பாதி வீண். வந்தவர்களில் நிலைத்தவர்கள் குடும்ப மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், மருந்துக்கடைக்காரர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் ஆகியோர் சொல்லி வந்தவர்கள். மருத்துவமனை ஊழியருக்கு ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகிற வழக்கம் உண்டு. தராதீர்கள். அந்தப் பணம் அட்டெண்டரின் சம்பளத்திலிருந்துதான் போகும், அடுத்த மாதம் நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறவருக்கு அந்த வாய் மாறிவிடும். அதற்குப் பதில் குடியிருப்புச் சங்கங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இலவசமாக, கீழே விழாமல் இருப்பது எப்படி, விழுந்தவரைத் தூக்குவது எப்படி என்று செய்து காட்டுங்கள். புடவை வித்தையைக் காட்டினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

இந்த வேலையில் வாடிக்கையாளர் போவது சாவால். வீட்டில் இறப்பு நேர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று குடும்பத்துக்குத் தெரியாது. மருத்துவர் வந்து சான்றிதழ் தர வேண்டும், ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இந்த மூன்றையும் எங்கள் மேற்பார்வையாளர் கூட நின்று செய்வார். மீதி முன்பணத்தைக் காரியம் முடிவதற்குள் கேட்காமலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் பார்த்துக்கொண்ட அட்டெண்டருக்கும் அது சாவுதான். அவரை மறுநாளே வேறு வீட்டுக்கு அனுப்பினால் அங்கே போய் அழுவார். மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள்.

படி 11: பெரிதாக்குவது

ஒரு மேற்பார்வையாளருக்குப் பதினைந்து வீடு. பதினாறாவது வீடு வந்தால் இரண்டாவது மேற்பார்வையாளர். அவரை வெளியிலிருந்து எடுக்காமல், அட்டெண்டராக இருந்து ரிலீவரானவர்களில் ஒருவரை உயர்த்துங்கள். மருத்துவ விஷயங்களுக்கு நர்ஸ் இருக்கிறார். இந்த வேலையில் மேலே போக ஒரு படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நல்ல ஆட்கள் தங்குவார்கள்.

நல்ல ஆளைக் குடும்பமே நேரடியாக வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் தீராத ஓட்டை. ஒப்பந்தத்தில் அபராதம் எழுதலாம், வசூலிக்க முடியாது. நான் வேறு வழி செய்தேன். நேரடியாகப் போகிற பணியாளரிடம், 'போய்ப் பார், பிஎஃபும் இஎஸ்ஐயும் மாதம் நான்கு நாள் விடுப்பும் அவர்கள் தருகிறார்களா என்று கேள். சரிப்படாவிட்டால் திரும்பி வா' என்று சொல்லி அனுப்புகிறேன். நிறையப் பேர் திரும்பினார்கள். குடும்பமும் திரும்பியது, ஆள் இல்லாத ஒரு பொங்கலுக்குப் பிறகு.

இரண்டாவது அலுவலகத்தை அதே ரயில் பாதையில் திறங்கள். மூன்று மாதம் நீங்கள் ஊரில் இல்லாமலே காலை டியூட்டிகள் நிரம்புகின்றன என்று பார்த்த பிறகு மட்டும். எங்கள் தாம்பரம் அலுவலகம் அப்படித்தான் வந்தது: ஓர் அறை, மேசையில் இரண்டு கைபேசி, சுவரில் பஞ்சாங்கக் காலண்டர், மூலையில் பயிற்சிக் கட்டில். ஐந்தே முக்கால் போன் இப்போது அங்கே அடிக்கிறது. ஏழு ஐம்பதுக்கு என் கைபேசிக்கு ஒரு வரி வரும்: 'நங்கநல்லூர், ரிலீவர் உள்ளே போய்விட்டார்.' அதைப் பார்த்த பிறகுதான் நான் காபிக்குப் பால் வைக்கிறேன்.